பின்னணி த்ரெட்டும் சோதனையின் தீர்ப்பும்

ஒரு தானியங்கிச் சோதனை பச்சையாக முடிந்தால், எழுதியவர் வைத்த நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவிட்டன என்று எடுத்துக்கொள்கிறோம். சோதனையை ஓட்டும் கருவிக்கோ அவ்வளவு தெரியாது. தான் அழைத்த மெத்தட் எக்செப்ஷன் எதையும் வீசாமல் திரும்பி வந்தது என்பதை மட்டுமே அது கண்டது. எல்லா வேலையும் ஒரே த்ரெட்டில் நடக்கும்வரை இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நிரல் இன்னொரு த்ரெட்டைக் கிளப்பியதும் வேறுபாடு வந்துவிடுகிறது. அங்கே விழும் எக்செப்ஷன் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு மொழியும் ஒரு விடை வைத்திருக்கிறது. சில மொழிகள் தம் விடையை இடையில் மாற்றியும் இருக்கின்றன. அவற்றை அலசிப் பார்த்தால், எதைக் கருவியிடம் விட்டுவிடலாம், எதைச் சோதனை எழுதுகிறவரே செய்தாக வேண்டும் என்பது தெரியவரும்.

முதலில் ஒரு ஜாவா சோதனையை அருகில் வைத்துப் பார்ப்போம். பில் தொகையைக் கணக்கிடும் வேலை பின்னணியில் நடக்கிறது. சோதனை எழுதுகிறவர் புதிதாக ஒரு த்ரெட் உருவாக்கி, அதற்குள்ளேயே தொகையைக் கணக்கிட வைத்து, ‘அஸர்ட் ஈக்வல்ஸ்’ போட்டு 500 வருகிறதா என்று பார்க்கிறார். த்ரெட்டை ‘ஸ்டார்ட்’ செய்கிறார். சோதனை மெத்தட் அத்தோடு முடிகிறது. தொகை 450 என்று வந்தால் ‘அஸர்ஷன் எரர்’ விழத்தான் செய்யும். ஆனால் அது பின்னணி த்ரெட்டின் அழைப்பு அடுக்கில் மேலேறி, உச்சியில் இருக்கும் ‘ரன்’ மெத்தட்டையும் தாண்டி, அந்த த்ரெட்டோடு முடிந்துபோகும். சோதனையை ஓட்டும் ஜேயூனிட்டின் ‘ட்ரை–கேட்ச்’ இருப்பது வேறொரு த்ரெட்டின் அடுக்கில். அங்கே எதுவும் வந்து சேராது. சோதனை பச்சை. ஸ்டாண்டர்ட் எரரில் சில வரி ஸ்டாக் ட்ரேஸ் அச்சாகும். சிஐ சர்வரின் நீண்ட லாகில் அதை யாரும் தேடிப் படிப்பதில்லை. அந்த த்ரெட் ‘அஸர்ட்’ வரியை எட்டும் முன்பே ஜேவிஎம் மூடப்பட்டுவிட்டால் அந்தச் சில வரிகளும் கிடையாது.

இது ஒரு வகை விளைவு. இன்னும் இரண்டு உண்டு. எக்செப்ஷன் தாமதமாக விழுந்து, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சோதனையின் மேல் பழி விழலாம். அல்லது மொத்தப் ப்ராஸஸும் செத்து, மீதிச் சோதனைகள் ஓடாமலேயே போகலாம். எது நடக்கும் என்பதை மொழியும் அதன் ரன்டைமும் தீர்மானிக்கின்றன.

இந்தத் தீர்மானம் எவ்வளவு சிக்கலானது என்பதற்கு டாட்நெட்டின் வரலாறே சாட்சி. 1.0, 1.1 பதிப்புகளில் த்ரெட் பூலிலோ தனி த்ரெட்டிலோ பிடிபடாத எக்செப்ஷன் விழுந்தால் ரன்டைம் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பாதி வேலை நின்றுபோன நிரல் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். 2005இல் வந்த 2.0 இதைத் தலைகீழாக மாற்றி, ப்ராஸஸையே முடித்துவைத்தது. 2010இல் 4.0 ‘டாஸ்க்’ வகையைக் கொண்டுவந்தபோது அதே கண்டிப்பு அங்கும் தொடர்ந்தது: ஒரு டாஸ்க்கின் எக்செப்ஷனை யாரும் பார்க்காமல் விட்டால், குப்பை சேகரிப்பான் அந்த டாஸ்க்கை அள்ளும் நேரத்தில் ப்ராஸஸ் விழும். 2012இல் 4.5 பதிப்போடு ‘அஸிங்க்–அவெயிட்’ வந்ததும் இந்தக் கண்டிப்பு தளர்ந்தது. பார்க்கப்படாத டாஸ்க் எக்செப்ஷன் ஒரு ஈவென்ட்டை மட்டும் எழுப்பும், நிரல் தொடரும். ஏழே ஆண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் பாதி வழி திரும்பியிருக்கிறார்கள். இதை நான் தடுமாற்றமாகப் பார்க்கவில்லை. பயனரிடம் ஓடும் மென்பொருளுக்கு எது நல்லது என்பதும் சோதனைக்கு எது நல்லது என்பதும் வெவ்வேறு கேள்விகள். ஒரே இயல்புநிலை இரண்டுக்கும் பொருந்தாது.

சோதனை எழுதுகிறவருக்கு இந்த வரலாற்றில் ஒரு நடைமுறைத் தகவல் இருக்கிறது. அந்த ஈவென்ட் குப்பை சேகரிப்பு நடக்கும்போதுதான் எழும். அதை நம்பிச் சோதனையைச் சிவக்கவைக்க நினைத்தால், முடிவில் சேகரிப்பைக் கட்டாயப்படுத்தி ஓட்டி, ஃபைனலைசர்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தி எப்போது, எந்தச் சோதனையின் நடுவே வரும் என்று சொல்லவே முடியாது. தனி த்ரெட்டில் விழுந்தாலோ, சோதனைகளை ஓட்டும் ப்ராஸஸான டெஸ்ட் ஹோஸ்டே சாகும். அப்படிச் செத்தால் ‘டாட்நெட் டெஸ்ட்’ கட்டளையோடு ‘ப்ளேம்’ என்ற தேர்வைச் சேர்த்து ஓட்டுங்கள். சோதனைகள் ஓடிய வரிசையை அது ஒரு கோப்பில் எழுதிவைக்கும். குற்றவாளி கடைசியில் ஓடிய சோதனையா, அதற்கு முன்னால் ஓடி முடிந்ததா என்று தேட அதுதான் தொடக்கம்.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ‘எஸ்டிடி த்ரெட்’டிலிருந்து எக்செப்ஷன் வெளியேறினால் ‘டெர்மினேட்’, பேச்சுக்கே இடமில்லை. ஆனால் 2011ஆம் ஆண்டின் தரநிலை ‘எக்செப்ஷன் பாயின்டர்’ ஒன்றைத் தந்தது. ஒரு த்ரெட்டில் பிடித்ததை இன்னொன்றில் மறுபடி வீசலாம். கோ மொழியில் எந்த கோரூட்டீன் பேனிக் ஆனாலும் ப்ராஸஸ் போகும்; ‘ரிகவர்’ அதே கோரூட்டீனுக்குள் மட்டுமே வேலை செய்யும். பேக்கேஜுக்கு ஒரு பைனரியாகச் சோதனை ஓடுவதால் சேதம் அந்தப் பேக்கேஜோடு நிற்கும். ரஸ்ட்டில் ‘ஜாயின்’ செய்தால் பேனிக் ஆனதா என்பது விடையாகவே கையில் வரும். ஜாவாவிலும் பைத்தானிலும் ‘ஜாயின்’ த்ரெட் முடிந்ததை மட்டும் சொல்லும், எப்படி முடிந்தது என்பதைச் சொல்லாது. இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம். ‘ஜாயின் போட்டுவிட்டேனே’ என்ற நிம்மதியில் எழுதப்பட்ட எத்தனையோ ஜாவா சோதனைகள் இதனால்தான் எதையும் சோதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கோ மொழியில் இன்னொரு பொறியும் உண்டு. ‘டி டாட் ஃபேட்டல்’ சோதனையைத் தோல்வி என்று குறித்துவிட்டு, தன்னை அழைத்த கோரூட்டீனை முடித்துக்கொள்ளும். அதைப் பின்னணி கோரூட்டீனிலிருந்து அழைத்தால் நிற்பது அந்தக் கோரூட்டீன்தான். சோதனை தன்பாட்டுக்குத் தொடரும், அல்லது வராத விடைக்காகக் காத்துக் கிடக்கும். 2021 பிப்ரவரியில் வந்த 1.16 பதிப்பிலிருந்து ‘வெட்’ கருவி இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. பின்னணியில் ‘டி டாட் எரர்’ போடலாம். அது குறித்துவைப்பதோடு சரி.

ஜாவாவுக்குத் திரும்புவோம். பிடிபடாத எக்செப்ஷனுக்கு ஒரு ஹேண்ட்லர் வைக்கும் வசதி 2004இல் ஜாவா 5-இலேயே வந்துவிட்டது. அதே பதிப்பில் வந்த ‘எக்ஸிக்யூட்டர் சர்வீஸ்’ அந்த ஹேண்ட்லரைச் சுற்றிப்போகும் வழியையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஒரு வேலையை ‘எக்ஸிக்யூட்’ மூலம் கொடுத்தால் அதில் விழும் எக்செப்ஷன் ஹேண்ட்லருக்குப் போகும். அதே வேலையை ‘சப்மிட்’ மூலம் கொடுத்தால் எக்செப்ஷன் ஒரு ‘ஃப்யூச்சர்’ பொருளுக்குள் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். யாராவது அதன்மேல் ‘கெட்’ அழைத்தால்தான் வெளியே வரும். ஃப்யூச்சரைக் கையில் வாங்காமலே விட்டவருக்கு ஸ்டாண்டர்ட் எரரில்கூட ஒரு வரி வராது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் வேலைகள் இன்னும் மோசம்: ஒரு முறை எக்செப்ஷன் விழுந்தால் அடுத்தடுத்த ஓட்டங்கள் எல்லாம் சொல்லாமல் நின்றுபோகும். ‘கேஷ் புதுப்பிக்கப்படவே இல்லை’ என்று சோதனையில் தெரியவரும்போது உண்மைக் காரணம் எங்கும் பதிவாகியிருக்காது. கோட்லின் கோரூட்டீனிலும் இதே இரட்டை நடத்தை உண்டு: ‘லாஞ்ச்’ ஹேண்ட்லருக்கு அனுப்பும், ‘அஸிங்க்’ ‘அவெயிட்’ வரும்வரை வைத்துக்கொள்ளும்.

பின்னணியில் விழுந்ததைச் சோதனைக்குக் கொண்டுவரும் மிகப் பழைய வழி, கையாலேயே கடத்துவது. ஜாவாவின் கன்கரன்ஸி நூலகத்துக்காக டக் லீ குழுவினர் எழுதிய ஜேஎஸ்ஆர் 166 சோதனைத் தொகுப்பைத் திறந்து பாருங்கள். எல்லாச் சோதனைகளுக்கும் அடிப்படையான வகுப்பில் ஒரு ‘அட்டாமிக் ரெஃபரன்ஸ்’ இருக்கிறது. பின்னணி த்ரெட்டில் எது விழுந்தாலும் முதலாவதாக விழுந்தது அதில் பதிவாகும். ‘டியர் டவுன்’ கட்டத்தில் அதை எடுத்துப் பார்த்து, ஏதாவது இருந்தால் சோதனையின் த்ரெட்டிலேயே மறுபடி வீசுகிறார்கள். உருவாக்கிய த்ரெட்டுகளுக்குள் சாதாரண ‘அஸர்ட்’ எழுதக் கூடாது, ‘த்ரெட் அஸர்ட்’ என்று தொடங்கும் வகைகளையே எழுத வேண்டும் என்ற விதியும் அந்த வகுப்பின் குறிப்பிலேயே இருக்கிறது. ஜாவாவில் த்ரெட் பற்றி மிக ஆழமாக அறிந்தவர்களே இதைத் தனி மனித கவனத்துக்கு விடாமல் அடிப்படை வகுப்பில் கட்டிவைத்தார்கள்.

கையால் எழுதும்போது தவறு வரும் இடங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றே. பின்னணி வேலையைச் சுற்றி ‘கேட்ச் எக்செப்ஷன்’ போடுகிறார்கள். ‘அஸர்ஷன் எரர்’ ஜாவாவில் ‘எரர்’ வகை என்பதால் அந்த வலையில் அது சிக்காது. ‘த்ரோவபிள்’ என்றே பிடிக்க வேண்டும். பிடித்ததை அப்படியே மறுபடி வீசினால் ஸ்டாக் ட்ரேஸில் பின்னணி த்ரெட்டின் வரிகள் மட்டுமே இருக்கும். புதிய எரருக்குள் காரணமாக வைத்து வீசினால் இரண்டு பக்கமும் தெரியும். பல த்ரெட்டுகளில் விழுந்தால் முதலாவதை வீசி, மற்றவற்றை ‘ஆட் சப்ரெஸ்ட்’ மூலம் அதோடு சேர்க்கலாம்.

இவற்றைவிட அதிக நேரத்தைத் தின்பது ‘கவுன்ட் டவுன் லாட்ச்’ தவறு. பின்னணி வேலையின் கடைசி வரியில் ‘கவுன்ட் டவுன்’, சோதனையில் ‘அவெயிட்’. வேலை நடுவில் எக்செப்ஷன் விழுந்தால் கடைசி வரி ஓடவே ஓடாது. சோதனை 30 விநாடி காத்திருந்து, நேரம் கடந்தது என்று சிவக்கும். பார்க்கிறவர் ‘சர்வர் மெதுவாக இருக்கிறது போல’ என்று காத்திருப்பை 60 விநாடியாக உயர்த்துவார். முதல் அரை விநாடியிலேயே விழுந்த ‘நல் பாயின்டர்’ லாகில் புதைந்துகிடக்கும். ‘கவுன்ட் டவுன்’ எப்போதும் ‘ஃபைனலி’ பகுதியில்தான் இருக்க வேண்டும். ‘அவெயிட்’ முடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பின்னணியில் ஏதாவது விழுந்ததா என்பதை, அதன் பிறகுதான் நேரம் கடந்ததா என்பதை. இந்த வரிசையை மாற்றினால் அறிகுறி முன்னால் வந்து நோயை மறைத்துவிடும். அவெயிட்டிலிட்டி நூலகம் காத்திருக்கும் நேரத்தில் பிற த்ரெட்டுகளில் விழும் எக்செப்ஷன்களையும் இயல்பாகவே பிடித்து, காத்திருப்பை உடனே முறித்துத் தருவது இந்த அனுபவத்தால்தான் அவ்வளவு பயன்படுகிறது.

இரண்டாவது வழி, மொத்த ப்ராஸஸுக்கும் ஒரே வலை விரிப்பது. பைத்தானில் பிடிபடாத எக்செப்ஷனைப் பெறும் ‘ஸிஸ் எக்செப்ட்ஹுக்’ த்ரெட்டுகளில் வேலை செய்வதில்லை என்ற புகார் அதன் பிழைப் பட்டியலில் 2005இலேயே ஏறியது. அதற்கான தீர்வு 2019இல் 3.8 பதிப்பில், த்ரெட்டுகளுக்கென்றே தனி ஹுக்காக வந்தது. அடுத்த ஆண்டே பைடெஸ்ட் 6.2 அந்த ஹுக்கைப் பிடித்துக்கொண்டு, பின்னணி த்ரெட்டில் விழுந்ததை எச்சரிக்கையாகக் காட்டத் தொடங்கியது. எச்சரிக்கைதான்; தோல்வி அல்ல. இந்த எச்சரிக்கை வகையைப் பிழையாக மாற்றும் ஒரே ஒரு அமைப்பு வரியைச் சேர்த்தால் சோதனை சிவக்கும். புதிய பைத்தான் ப்ராஜெக்ட் தொடங்கும் எவரும் முதல் நாளே அந்த வரியைச் சேர்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் சேர்க்கப் போனால் குவிந்துகிடக்கும் பழைய எச்சரிக்கைகளே தடையாக நிற்கும். ரூபி 2.5 முதல், அதாவது 2017 இறுதியிலிருந்து, த்ரெட் எக்செப்ஷனை இயல்பாகவே அச்சிடுகிறது. அங்கும் அச்சிடுவதோடு சரி.

கோட்லின் ஒரு படி மேலே போனது. 2023இல் வந்த கோரூட்டீன் நூலகத்தின் 1.7 பதிப்பிலிருந்து ‘ரன் டெஸ்ட்’, வேறு கோரூட்டீன்களில் பிடிபடாமல் விழுந்தவற்றையும் தோல்வியாகச் சொல்கிறது. சோதனை தொடங்கும் முன்பே, அதாவது முந்தைய சோதனையின் எச்சமாக, ஏதாவது விழுந்திருந்தால் அதையும் தனிப் பெயர் கொண்ட எக்செப்ஷனாகத் தெரிவிக்கிறது. ‘என் சோதனைக்கும் இதற்கும் தொடர்பே இல்லையே’ என்று அதைப் பார்த்ததும் எரிச்சல் வரும். எரிச்சல் நியாயமானதே, ஆனாலும் அந்த எக்செப்ஷன் நேற்றுவரை யாருக்கும் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது.

பொது வலையின் எல்லை இங்கேதான் தெரிகிறது. ஏதோ விழுந்தது என்று அது சொல்லும், யாருடையது என்று சொல்லாது. ஜாவாவின் இயல்புநிலை ஹேண்ட்லர் ஜேவிஎம் முழுவதற்கும் ஒன்று. நான்கு சோதனைகள் இணையாக ஓடும்போது விழுந்த எக்செப்ஷனை எதன் கணக்கில் எழுதுவது?

இதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த விடை அபாச்சி லூசீன் தேடல் நூலகத்தின் சோதனைகளில் இருக்கிறது. அவை ‘ரேண்டமைஸ்ட் டெஸ்டிங்’ என்ற கருவியின் மேல் ஓடுகின்றன. எலாஸ்டிக்சர்ச்சும் அதையே எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு சோதனை வகுப்பையும் அந்தக் கருவி தனி ‘த்ரெட் க்ரூப்’பில் ஓட்டுகிறது. ஜாவாவில் புதிய த்ரெட், சொல்லாவிட்டாலும், தன்னை உருவாக்கிய த்ரெட்டின் க்ரூப்பிலேயே பிறக்கும். ஆகவே எங்கோ ஆழத்தில் உருவான த்ரெட்டில் எக்செப்ஷன் விழுந்தாலும், க்ரூப்பின் பெயரிலேயே எந்த வகுப்பு என்பது ஒட்டியிருக்கும். அங்கு விழுந்தது உடனே தோல்வியாகிறது. அதோடு நிற்கவில்லை. வகுப்பு முடியும்போது அந்த க்ரூப்பில் இன்னும் உயிரோடிருக்கும் த்ரெட் இருந்தால், ‘த்ரெட் கசிந்தது’ என்று அதுவே ஒரு தோல்வி. கசிந்த த்ரெட்டின் பெயரும் அப்போது அது நின்ற இடத்தின் ஸ்டாக் ட்ரேஸும் அறிக்கையில் வரும்.

இந்த இரண்டாம் பகுதிதான் என் பார்வையில் மொத்தக் கேள்விக்கும் மையம். எக்செப்ஷனைப் பிடிப்பது பாதி வேலை. சோதனை முடிந்த பிறகும் ஒரு த்ரெட் ஓடிக்கொண்டிருந்தால், அதில் இன்னும் விழாத எக்செப்ஷனைப் பற்றி யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தான் தொடங்கிய ஒவ்வொரு வேலையும் முடிந்ததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் பச்சை என்று சொல்லும் உரிமை சோதனைக்கு வருகிறது. கோ உலகில் ஊபர் வெளியிட்ட ‘கோலீக்’ கசிந்த கோரூட்டீன்களைத் தேடுவதும் இதற்காகவே.

மொழிகளும் மெல்ல இந்தப் பக்கம் வருகின்றன. தொடங்கிய வேலைகள் எல்லாம் முடியும்வரை அந்தத் தொகுதி முடியாது, உள்ளே விழுந்த எக்செப்ஷன் தொடங்கியவரிடமே வரும் என்ற ஏற்பாட்டுக்காக, கட்டமைந்த கன்கரன்ஸி என்ற பெயரில், 2018இல் நத்தானியல் ஸ்மித் தம் ட்ரையோ நூலகத்தை முன்வைத்து விரிவாக வாதிட்டார். பைத்தான் 3.11 அதை ‘டாஸ்க் க்ரூப்’ என்றும், பல எக்செப்ஷன்களைச் சேர்த்துச் சுமக்கும் ‘எக்செப்ஷன் க்ரூப்’ என்றும் 2022இல் மொழிக்குள்ளேயே சேர்த்தது. அதே ஆண்டு ரஸ்ட் 1.63 ‘ஸ்கோப்ட் த்ரெட்’டைத் தந்தது. ஜாவாவில் ‘ஸ்ட்ரக்சர்ட் டாஸ்க் ஸ்கோப்’ 2025 செப்டம்பரில் வந்த ஜேடிகே 25-இலும் முன்னோட்டமாகவே நிற்கிறது. இப்படி எழுதப்பட்ட நிரலைச் சோதிக்கும்போது, நிரல் தானாகவே காத்திருந்து எக்செப்ஷனைத் திருப்பித் தருவதால், இதுவரை சொன்ன கடத்தல் வேலைகளில் பெரும்பகுதி தேவைப்படாது.

த்ரெட்டையே சோதனையிலிருந்து எடுத்துவிடுவதும் ஒரு வழி. எக்ஸிக்யூட்டரை வெளியிலிருந்து கொடுக்கும்படி நிரலை எழுதினால், சோதனையில் க்வாவாவின் ‘டைரக்ட் எக்ஸிக்யூட்டர்’ போன்ற, அழைத்த த்ரெட்டிலேயே வேலையை ஓட்டும் ஒன்றைக் கொடுக்கலாம். எக்செப்ஷன் நேராக வரும். சோதனையும் வேகமாக ஓடும். வணிக விதிகளைச் சோதிக்கும்போது இதையே முதலில் செய்யச் சொல்வேன். ஆனால் பூட்டு விட்டுப்போனது, வரிசை மாறியது போன்ற பிழைகள் இதில் ஒருபோதும் தெரியாது. ஒவ்வொரு பின்னணி வேலைக்கும் உண்மையான த்ரெட்டோடு ஓடும் ஒரு சோதனையாவது மிச்சம் இருக்க வேண்டும்.

எக்செப்ஷன் விழுவதே எதிர்பார்ப்பாக உள்ள சோதனைகளும் இருக்கின்றன: தொடர்பு அறுந்தால் பின்னணி வேலை சரியாக நிற்கிறதா, மறுமுயற்சி செய்கிறதா என்று பார்ப்பவை. அங்கே வலையை மொத்தமாக அணைத்துவிடும் பழக்கம் தவறு. இந்தச் சோதனையில் இந்த வகை எக்செப்ஷன் விழ வேண்டும் என்று எழுதி, விழாவிட்டாலும் சிவக்கவும், வேறு வகை விழுந்தாலும் சிவக்கவும் வைக்கலாம்.

சிலர் கேட்பார்கள்: சில நேரம் சிவந்து சில நேரம் பச்சையாகும் சோதனையை இன்னொரு முறை ஓட்டினால் போதாதா? கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி அதன் சோதனை ஓட்டங்களில் சுமார் 1.5% இப்படி நிலையற்ற விடை தந்தன. ஏறக்குறைய 16% சோதனைகளில் ஓரளவாவது இந்தக் குணம் இருந்தது. 2014இல் அபாச்சி ப்ராஜெக்ட்டுகளின் 201 திருத்தங்களை அலசிய ஆய்வு, காரணங்களில் 45% சரியாகக் காத்திருக்காதது, 20% கன்கரன்ஸி பிழைகள் என்று வகுத்தது. இந்த இரண்டும் பின்னணி வேலையோடு தொடர்புடையவை. மறுஓட்டம் அந்தச் சிவப்பை அழித்துவிடும். ஆனால் நூறில் ஒரு முறை பின்னணியில் விழும் எக்செப்ஷன் சிஐ சர்வரோடு நிற்பதில்லை, வாடிக்கையாளரின் சர்வரிலும் நூறில் ஒரு முறை விழும். மறுஓட்டத்தை அனுமதிப்பதாக இருந்தாலும், பின்னணி எக்செப்ஷனால் வந்த தோல்விக்கு மட்டும் அதை மூடிவைக்கலாம். கருவியில் இதைப் பிரித்தறிவது எளிதுதான்.

ஆயிரக்கணக்கான சோதனைகள் ஏற்கெனவே ஓடும் பழைய ப்ராஜெக்ட்டில் இதையெல்லாம் ஒரே நாளில் கொண்டுவர முடியாது. வலையை முதலில் எண்ண மட்டும் வைக்கலாம்: எந்தச் சோதனையின்போது, எந்த த்ரெட்டில், எந்த எக்செப்ஷன். இந்தப் பட்டியலுக்கு உயிர் கொடுப்பது த்ரெட் பெயர்கள். ‘பூல்-3-த்ரெட்-7’ என்பதிலிருந்து எதுவும் தெரியாது. ‘பில்-அனுப்பி-2’ என்றால் யாரிடம் போக வேண்டும் என்று தெரியும். ஆகவே ‘த்ரெட் ஃபேக்டரி’ வைத்துப் பெயரிடும் வேலை வலைக்கும் முந்தியது. பட்டியல் வந்ததும் அதில் இல்லாத புதிய எக்செப்ஷனுக்கு உடனே சிவப்பு. பழையவை ஒவ்வொன்றாகத் தீரும்வரை விலக்குப் பட்டியலில். டேட்டாபேஸ் ட்ரைவரோ லாகிங் நூலகமோ கிளப்பும், நம் கையில் மூடும் வழியே இல்லாத த்ரெட்டுகள் சில கடைசிவரை அதில் நிற்கும். லூசீனின் கருவியிலும் அத்தகையவற்றைப் பெயர் சொல்லி விலக்க வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நிரலில் எழுதப்பட்டு, திருத்தம் வரும்போது எல்லோர் கண்ணிலும் படுகிறது.